தேவைகள்: எதுவுமில்லை

எங்கள் தெரு முனையில் இருக்கும் கவுன்சில் மண்டபத்தின் வாசலில், நடைபாதைக் கற்களின் மேல், மஞ்சள் நிறத்தில் எட்டுச் சோடிப் பாதங்கள் ஒட்டியிருக்கின்றன. கொரோனாக் காலத்தில் வரிசையில் நிற்பவர்கள் இரண்டு மீட்டர் இடைவெளி விடவேண்டும் என்று எங்கள் உள்ளூராட்சிச் சபையான கவுன்சில் ஒட்டியவை. இப்போது அந்த வரிசையும் இல்லை, இடைவெளியும் இல்லை. ஆனாலும் காலையில் பஸ் பிடிக்க ஓடுகிற சனம் அந்தப் பாதங்களை மிதிக்காமல் விலகித்தான் போகிறது. வெள்ளைக்காரரும் விலகுகிறார்கள், நாங்களும் விலகுகிறோம். யார் சொல்லி விலகுகிறோம் என்று ஒருவருக்கும் தெரியாது. போன மாதம் எனக்குப் பொறுக்க முடியாமல் கவுன்சிலின் செயலியில் படத்தோடு ஒரு முறைப்பாடு போட்டேன், இவற்றை அகற்றிவிடுங்கள் என்று. மூன்றாம் நாள் பதில் வந்தது: 'உங்கள் முறைப்பாடு தீர்த்துவைக்கப்பட்டது, நன்றி.' சப்பாத்தைக் கொளுவிக்கொண்டு போய்ப் பார்த்தேன். எட்டுச் சோடியும் அப்படியே கிடந்தன.

அதே கிழமை தபாலில் கவுன்சிலின் கடிதம் ஒன்று வந்தது. இன்னொரு பெருந்தொற்று வந்தால் என்ன செய்வது என்று ஆயத்தத் திட்டம் போடுகிறார்களாம். போனமுறை உங்கள் சமூகத்தின் தேவைகள் எவை, அவை எப்படிக் கவனிக்கப்பட்டன என்று கேட்டு ஒரு படிவம். பதில் எழுத இரண்டு விரல் அகலத்தில் ஒரு கட்டம். அந்தக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டு இருந்ததில் தேத்தண்ணீர் ஆறிப்போனது. இந்தக் கட்டுரை அந்தக் கட்டத்துக்குள் அடங்காதது. எந்தக் கவுன்சில் என்று எழுதமாட்டேன், தென் லண்டன் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஊரில் இருந்து வாசிக்கிறவர்களுக்கு எங்கள் சீவியம் கொஞ்சம் விளங்கட்டும். எனக்குப் பக்கத்துத் தெருவில் இருந்து வாசிக்கிறவர்களுக்குக் கொஞ்சம் சுடட்டும்.

பெருந்தொற்றுக்கு முன்னர் வியாழக்கிழமைகளில் அந்த மண்டபத்தில் எங்கள் ஆட்களின் மத்தியானச் சாப்பாடு நடக்கும். இருபத்திரண்டு பேர், எல்லோரும் அறுபத்தைந்து தாண்டியவர்கள், பெரும்பாலும் யாழ்ப்பாணத்தார். பிள்ளைகள் வேலைக்குப் போனபின் வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பவர்கள். இதைத் தொடங்கியவர் பரமேஸ் அக்கா. அவருடைய கணவர் யோகன் அண்ணை முப்பது வருடம் மினிகாப் வாடகைக்கார் ஓட்டியவர், மண்டபத்தில் பாத்திரம் கழுவுவது அவர் பொறுப்பு. நான் ஒரு ஆரம்பப் பாடசாலையின் குசினியில் வேலை செய்கிறேன், வியாழக்கிழமைகளில் எனக்கு வேலையில்லை என்பதால் மரக்கறி வெட்டப் போனேன். வெட்டப் போனவள், ஆங்கிலத்தில் கடிதம் எழுதத் தெரியும் என்ற குற்றத்துக்காகச் செயலாளர் ஆக்கப்பட்டேன். கவுன்சில்காரரோடு பேசுவதெல்லாம் நான்தான். இதை நினைவில் வைத்திருங்கள், பின்னால் தேவைப்படும்.

பெருந்தொற்று தொடங்கிய அந்த மார்ச்சில், மண்டபம் மூடப்பட்டது என்று கதவில் பிளாஸ்டிக் உறையிட்ட அறிவித்தல் ஒன்று தொங்கியது. ஏப்ரலில் பரமேஸ் அக்காவை அம்புலன்ஸ் ஏற்றிக்கொண்டு போனது. யோகன் அண்ணையை வாகனத்தில் ஏற விடவில்லை. ஒன்பதாம் நாள் தொலைபேசியில் சொன்னார்கள். தகனசாலையில் பத்துப் பேருக்குத்தான் அனுமதி. மற்றவர்கள் போனில் பார்த்தோம். நான் பாடசாலைக் குசினிக் களஞ்சிய அறையில், ஏப்ரனோடு, உருளைக்கிழங்கு மூட்டைக்குப் பக்கத்தில் நின்று பார்த்தேன். கமரா பின்சுவரில் இருந்தது. யோகன் அண்ணையின் பிடரி மட்டும்தான் தெரிந்தது, அது கடைசிவரை அசையவில்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு ஐயர் போனில் மந்திரம் சொல்ல, அவர் தனியாகச் செய்து முடித்தார். அன்று பின்னேரம் அவருடைய பிளாட்டுக்குக் கீழே நடைபாதையில் நின்று பேசினேன். அவர் மூன்றாம் மாடி ஜன்னலில் நின்றார்.

"ஹோல் திறக்கட்டும் பிள்ளை," என்றார், மண்டபத்தை. "அவ சமைச்சுப் போட்ட ஆக்கள் எல்லாரையும் கூப்பிட்டு, அவ நிண்ட அந்தக் குசினியிலயே சமைச்சு, ஒருக்காச் சாப்பாடு குடுக்கவேணும். அதுக்குப் பிறகுதான் நான் அழுவன்."

கையைக் காட்டிவிட்டு வந்தேன். செத்தவீட்டுக்கு வராதவர்கள் வந்து, முகத்தைப் பார்த்து, ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் போனால்தான் ஒரு சாவு முடிகிறது எங்கள் ஆட்களுக்கு. அது நடக்காமல் யோகன் அண்ணையின் வீட்டில் அந்தச் சாவு முடியாமல் கிடந்தது.

கவுன்சில் ஒன்றுமே செய்யவில்லை என்று நான் சொல்லமாட்டேன். பொய் சொல்லித் திட்ட வேண்டிய அவசியம் எனக்கு இல்லை, உண்மையே போதுமான அளவு இருக்கிறது. வெளியே போகமுடியாத முதியவர்களுக்குக் கிழமைக்கு ஒரு சாப்பாட்டுப் பெட்டி வாசலில் கொண்டுவந்து வைத்தார்கள். பாண், பாஸ்தா, பிஸ்கட், அதோடு மாட்டிறைச்சி அடைத்த தகரப் பேணிகள். எங்கள் ஆட்களில் முக்கால்வாசிப்பேர் சைவம், மிச்சப் பேர் மாடு தொடாதவர்கள். ஒவ்வொரு வெள்ளியும் கவுன்சிலில் இருந்து ஒரு பெண் போன் எடுத்து, பெட்டி எப்படி, எல்லாம் சரியா என்று அன்பாகக் கேட்பாள். யோகன் அண்ணை, "வெரி நைஸ், தாங்க் யூ," என்பார். அடுத்த கிழமையும் மாடு வரும். அவர் வீட்டு வாசலில் பேணிகள் முழங்கால் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. சாப்பாட்டை எறியவும் மனமில்லை, வேண்டாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை. கடைசியில் கீழ்வீட்டுப் போலந்துக்காரர் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போனார், அவர் ஒருவருக்குத்தான் அந்த லொக்டவுனில் ஒரு குறையும் இல்லை. நான் யோகன் அண்ணையைக் கடிந்து பேசினேன்.

"ஏன் அண்ணை, மரக்கறி எண்டு ஒரு சொல்லுச் சொன்னா மாத்தித் தருவினமெல்லே?"

"அந்தப் பிள்ளை எவ்வளவு அன்பாக் கேக்குது. அதிட்டப் போய்க் குறை சொல்லுறதே?"

சிரித்தேன். அப்போது சிரிப்பாகத்தான் இருந்தது. இதே நோய் எனக்கும் இருக்கிறது என்று அப்போது எனக்குத் தெரியாது.

இந்த நோய் எங்கே பிடித்தது என்று எனக்கு நன்றாகத் தெரியும். போரில் இடம்பெயர்ந்து, யாழ்ப்பாணத்தின் தென்மராட்சியில் ஒரு பாடசாலை வகுப்பறையில் நாலு குடும்பங்களாக இருந்த காலத்தில், நிவாரண மாவுக்கு வரிசையில் நிற்போம். அளந்து போடுகிறவர் பேணியின் வாய்வரை நிரப்பமாட்டார். அம்மாவுக்கு முன்னால் நின்ற ஒரு மனிதர் ஒருநாள், "ஐயா, அளவு குறையுது," என்று சொன்னார். சத்தம்கூடப் போடவில்லை. அடுத்த கிழமை அவருடைய நிவாரண அட்டை எங்கே வைத்தோம் என்று தெரியவில்லை என்றார்கள். அவர் மனைவி மூன்று கிழமை எல்லோரிடமும் மாவு கடன்பட்டார். அம்மாவின் முறை வரும்போது மேசையில் இருந்தவர், காணுமா, அளவு போதுமா என்று கேட்டார். அம்மா, "காணும் ஐயா, ஒரு பிரச்சினையும் இல்லை," என்றார். பேணியில் பாதி காற்று. பிறகு ஊரைவிட்டு வெளியேறப் பாஸ் எடுக்கப் போன இடத்திலும், சோதனைச் சாவடியிலும் அதே வசனம்தான். லண்டனுக்கு வந்த புதிதில், அகதி விண்ணப்பக்காரருக்கென்று எங்களை இருத்திய அறையின் சுவரில் பூஞ்சணம் படர்ந்திருந்தது, இரவில் எலி ஓடியது. தங்குமிடம் வசதியா என்று ஒரு அதிகாரி கேட்டபோது, 'வெரி குட் சேர்' என்று பதில் சொன்னவள் நான்தான். மேசைக்குப் பின்னால் இருப்பவர் கேட்கிற கேள்விக்கு எங்களிடம் ஒரே ஒரு பதில் இருந்தது. அது எங்களைப் பலமுறை காப்பாற்றியதால் அதைக் கைவிட எங்களுக்குத் தோன்றவே இல்லை.

அடுத்த வருடம் தடைகள் தளரப்போகின்றன என்று செய்தி வந்ததும், கவுன்சில் தன் மண்டபங்களை மீளத் திறக்கத் திட்டம் போட்டது. மண்டபம் பாவிக்கும் எல்லாக் குழுக்களையும் கணினித் திரையில் கூட்டினார்கள். நடத்தியவர் ஹெலன் என்ற அதிகாரி. நல்ல மனுஷி, குரலில் உண்மையான அக்கறை இருந்தது, அதனால்தான் அவரை நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது. ஒவ்வொரு குழுவாகப் பெயர் சொல்லி, உங்களுக்கு இருக்கிற கஷ்டங்கள் என்ன, கவலைகள் என்ன என்று கேட்டார். நடனக் குழுப் பெண்மணி, பழகாமல் முழங்கால்கள் இறுகிப்போயின என்று பத்து நிமிடம் பேசினார். பூங்கன்று வளர்ப்போர் சங்கத்துக்காரர் தங்களுடைய வருடாந்தக் கண்காட்சி நின்றதால் அங்கத்தவர்கள் மனம் உடைந்துபோனார்கள் என்று சொல்லும்போது குரல் தழுதழுத்தது. அவர்களில் எனக்குக் கோபமில்லை. கேட்டார்கள், சொன்னார்கள். என் முறை வந்தது. எங்கள் குழுவில் பரமேஸ் அக்காவோடு சேர்த்து மூன்று பேர் செத்திருந்தார்கள். ஆறு மாதமாகக் கதவு திறக்காதவர்கள் இருந்தார்கள். ஒருவருக்கும் உறக்கம் இல்லை. ஹெலன் திரையில் தலையைச் சாய்த்துப் புன்னகைத்தபடி காத்திருந்தார். நான் சொன்னேன்:

"வீ ஆர் ஓகே. நோ ப்ராப்ளம். நீங்கள் செய்கிற எல்லாவற்றுக்கும் மிக்க நன்றி."

ஹெலனின் முகம் மலர்ந்தது. உங்கள் சமூகம் எவ்வளவு உறுதியானது என்று புகழ்ந்துவிட்டு அடுத்த குழுவுக்குப் போனார். நான் கமராவை அணைத்துவிட்டு, மரியாதையாகப் பேசிவிட்டேன் என்ற திருப்தியோடு போய்ச் சோறு வடித்தேன்.

பிறகு ஒவ்வொன்றாகத் திறந்தது. கடை திறந்தது, சலூன் திறந்தது, பப் திறந்தது. கஃபேக்கள் நடைபாதையில் மேசை போடுவதற்கென்று கவுன்சிலே மரத்தொட்டிகள் வைத்துப் பூ நட்டது. மண்டபமும் திறந்தது, ஆனால் கட்டம் கட்டமாக. முதலாம் கட்டத்தில் நடனக்காரர், இரண்டாம் கட்டத்தில் பூங்கன்றுக்காரர், பிறகு குழந்தைகளின் கராட்டி. நான் மின்னஞ்சல் போட்டுக் கேட்கும்போதெல்லாம், நீங்கள் இறுதிக் கட்டத்தில் இருக்கிறீர்கள், பொறுமைக்கு நன்றி என்று பதில் வரும். இதற்கிடையில் பரமேஸ் அக்காவின் முதலாம் ஆண்டு ஆட்டைத் திவசம் வந்தது. யோகன் அண்ணை பிளாட்டில் தனியாகப் படைத்துவிட்டு, காகத்துக்கு வைக்க இடமில்லாமல் ஜன்னல் விளிம்பில் ஒரு கவளம் வைத்தார். புறா தின்றது. அவர் அழவில்லை. ஹோல் திறக்கும்தானே பிள்ளை என்றார். கோயில் மண்டபம் எடுக்கலாமே என்று சிலர் சொன்னார்கள். கோயில் இருக்கும் கிழக்கு லண்டன் மனோர் பார்க் வரைக்கும் இரண்டு பஸ்ஸும் ரயிலும் மாறி ஏறி இறங்க எங்கள் ஆட்களின் முழங்காலுக்கு ஏலாது. அதோடு பரமேஸ் அக்கா நின்ற குசினி அங்கே இல்லை.

அடுத்த வருட வசந்தத்தில் ஒரு தடையும் மிச்சமில்லை. முகக்கவசம்கூடப் போய்விட்டது. எங்கள் கட்டம் மட்டும் வரவில்லை. எங்களோடு வியாழக்கிழமை சாப்பிட வரும் டாக்டர் ராமநாதன், மதுரைக்காரர், ஓய்வுபெற்ற வைத்தியர், என்னைக் கூப்பிட்டுத் திட்டினார்.

"ஏம்மா, இன்னும் மெயில் போட்டு நன்றி சொல்லிட்டே இருக்கீங்க? எந்த அடிப்படையில வரிசை போட்டாங்கன்னு எழுத்துல கேளுங்க. கேட்டா அவங்க குடுத்தே ஆகணும், சட்டம் இருக்கு."

கேட்டேன். ஒரு மாதம் கழித்து அட்டவணை வந்தது. குழுக்களின் பெயர்கள் ஒரு பக்கம், எதிரே அவர்களுடைய தேவைகள், அதற்கு எதிரே ஒரு நிறம். அவசரத் தேவை என்றால் சிவப்பு, நடுத்தரம் என்றால் மஞ்சள், தேவை இல்லை என்றால் பச்சை. சிவப்பில் இருந்து தொடங்கிப் பச்சையில் முடித்திருக்கிறார்கள். நடனக் குழுவின் கட்டம் எழுத்தால் நிரம்பி வழிந்தது. எங்கள் வரியை விரலால் தேடிப் பிடித்தேன். 'தமிழ் முதியோர் வியாழன் குழு. தேவைகள்: எதுவுமில்லை. கவலைகள்: எதுவுமில்லை.' பச்சை. அதற்குக் கீழே சின்ன எழுத்தில், எங்கள் வியாழக்கிழமை நேரம் கைவிடப்பட்டதாகக் கருதப்பட்டு, மண்டபத்தில் நாங்கள் பாவித்த பகுதியும் குசினியும் ஒரு தனியார் நிறுவனத்துக்கு நீண்டகாலக் குத்தகைக்குக் கொடுக்கப்படவுள்ளது என்றும் இருந்தது. மேசை வாடகைக்கு விடுகிற நிறுவனமாம். வீட்டில் இருந்து வேலை செய்து அலுத்தவர்கள் மடிக்கணினியோடு வந்து இருப்பதற்கு.

என்னை நானே அறைந்துகொள்ள வேண்டும்போல இருந்தது. அந்த 'எதுவுமில்லை' என்னுடைய வாயில் இருந்து வந்தது. என் மரியாதைதான் யோகன் அண்ணையின் சாப்பாட்டைத் தின்றது. அது என் பிழை, அதை நான் யார் தலையிலும் கட்டப்போவதில்லை. ஆனால் என் பிழையோடு கவுன்சில் தன் பிழையையும் சேர்த்துக் கழுவிவிட முடியாது. எங்கள் குழுவில் மூன்று பேர் செத்தது அவர்களுக்குத் தெரியும், ஹெலனே அனுதாப அட்டை அனுப்பியிருந்தார். தடுப்பூசித் துண்டுப்பிரசுரத்தைத் தமிழில் மாற்றித் தரச்சொல்லி எங்களிடம்தான் வந்தார்கள், இரண்டு நாளில் செய்து கொடுத்தோம். ஊசிக்குப் பயந்தவர்களுக்குப் போன் எடுத்துப் பேசச் சொன்னார்கள், பேசினோம். அப்போதெல்லாம் நாங்கள் பெரிதும் பாதிக்கப்பட்ட சமூகம். மண்டபத்தைப் பங்கிடும்போது மட்டும் பச்சை. மூன்று சாவு கண்ட குழு வந்து ஒரு தேவையும் இல்லை என்று சொன்னால், அதை எழுதுகிற கை ஒரு கணம் நிற்கவேண்டாமா? இன்னொருமுறை கேட்டுப் பார்ப்போம் என்று ஒருவருக்காவது தோன்றவேண்டாமா? யார் அதிகம் பேசினார்களோ அவர்களுக்கு அதிக தேவை என்று முடிவு செய்வதற்கு ஒரு அலுவலகம் எதற்கு, சம்பளம் எதற்கு?

இதை யோகன் அண்ணையிடம் சொன்னபோது அவர் என்னைக் குறை சொல்லவில்லை. "அப்ப வாசலில வைச்சுக் குடுப்பம்," என்றார்.

இரண்டாம் திவசத்தை அப்படித்தான் செய்தோம். என் வீட்டிலும் இன்னும் இரண்டு வீடுகளிலும் சமைத்தோம். சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, பூசணிக்காய், வாழைக்காய், வடை, பாயாசம். அன்று பூட்டியிருந்த மண்டபத்தின் வாசலில் ஒரு மடக்கு மேசை போட்டு, பரமேஸ் அக்காவின் படத்துக்கு மாலை போட்டு வைத்தோம். பத்தொன்பது பேர் வந்தார்கள். நிற்க முடியாதவர்களுக்குக் கதிரை கொண்டுவந்திருந்தோம். மற்ற எட்டுப் பேர் என்ன செய்தார்கள் தெரியுமா? ஒருவரும் சொல்லாமலே, ஆளுக்கொரு சோடி மஞ்சள் பாதத்தில் ஏறி, தட்டோடு வரிசையாக நின்றார்கள். அரசாங்கம் அடையாளம் போட்ட இடத்தில் நிற்பது எங்களுக்கு அவ்வளவு பழக்கம். மரத்தொட்டிகளுக்கு அந்தப் பக்கம் கஃபே மேசைகளில் கோப்பி குடித்தவர்கள் எங்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்த நேரம் பார்த்து ஹெலன் வந்தார், குத்தகை எடுக்கிற நிறுவனத்து ஆள் ஒருவரோடு, மண்டபத்தைச் சுற்றிக்காட்ட. எங்களைக் கண்டதும் முகம் நிறைய மகிழ்ச்சி. வெளியில் இப்படி எல்லோரையும் ஒன்றாகப் பார்ப்பது எவ்வளவு நன்றாக இருக்கிறது என்றார். நான் அட்டவணையைப் பற்றிக் கேட்டேன்.

"ஆனால் நீங்கள் நலமாக இருப்பதாகச் சொன்னீர்களே," என்றார், உண்மையாகவே குழம்பி.

"நீங்கள் கேட்டீர்கள். வேறு என்ன சொல்ல முடியும்?" என்றேன். அது ஆங்கிலத்தில் சரியான பதிலே இல்லை என்று அவருடைய முகத்தில் தெரிந்தது. அவர் யோகன் அண்ணையின் பக்கம் திரும்பி, எப்படி இருக்கிறீர்கள் மிஸ்டர் யோகன் என்று கேட்டார்.

"ஃபைன், ஃபைன். நோ ப்ராப்ளம்," என்றார் யோகன் அண்ணை. ஒரு தட்டில் சோறு போட்டு ஹெலனிடம் நீட்டினார். "ப்ளீஸ், ஈட்."

எனக்குக் கண்மண் தெரியாமல் கோபம் வந்தது. "தேர் இஸ் எ ப்ராப்ளம்," என்று கத்தினேன். எங்கள் ஆட்கள் தட்டைப் பார்த்தார்கள். யோகன் அண்ணை என் கையைப் பிடித்தார்.

"விடு பிள்ளை. பரமேசின்ர சாப்பாட்டுக்கு வந்து நிக்கிறா. முதல்ல அவவைச் சாப்பிட விடு."

அவர் சொன்னதில் பிழை கண்டுபிடிக்க எனக்கு முடியவில்லை. திவசத்துக்கு வந்தவரைப் பசியோடு அனுப்புவதும் இல்லை, ஏசி அனுப்புவதும் இல்லை. ஹெலன் வடையைச் சாப்பிட்டு, மிக ருசி என்றார். ஒரு படம் எடுக்கலாமா என்று கேட்டார். யோகன் அண்ணை தட்டோடு நின்று சிரித்தார், சாப்பிட வந்த ஆளைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு. அன்று பின்னேரம் பாத்திரங்களை என் வீட்டுக் குசினியில் கழுவினார். அழவில்லை. ரோட்டில் வைத்துக் கொடுத்த சாப்பாட்டோடு அழமுடியுமா?

அடுத்த மாதம் கவுன்சிலின் செய்திமடல் எல்லா வீட்டுத் தபால் துவாரத்துக்குள்ளாலும் விழுந்தது. இரண்டாம் பக்கத்தில் அந்தப் படம். கீழே: 'உயிர்பெற்ற கடைத்தெருவைச் சுவையான விருந்தோடு கொண்டாடும் தமிழ் முதியவர்கள்.' ஒரு மனைவியின் திவசம், கவுன்சிலுக்குக் கொண்டாட்டம். திருத்தம் போடச்சொல்லி மூன்று கடிதம் எழுதினேன். மூன்றுக்கும், உங்கள் கருத்து எமக்கு முக்கியமானது என்று பதில் வந்தது. மண்டபத்தின் எங்கள் பகுதி இப்போது அந்த நிறுவனத்திடம்தான் இருக்கிறது. பரமேஸ் அக்கா நின்ற இடத்தில் ஒரு கோப்பி இயந்திரம் நிற்கிறது, கண்ணாடிக்குள்ளால் தெரியும்.

போன வருடம் ஊருக்குப் போயிருந்தேன். ஒரு காணிப் பத்திரத்துக்காக ஒரு அலுவலகத்தில் தங்கச்சியோடு காத்திருந்தபோது, எங்களுக்குப் பின்னால் வந்த ஒருவரை உள்ளே கூப்பிட்டார்கள். எழும்பி நின்று, எந்த அடிப்படையில் வரிசை போடுகிறீர்கள், எழுத்தில் தாருங்கள் என்று சத்தம் போட்டேன். அலுவலகம் முழுதும் திரும்பியது. கிளார்க் சிரித்துக்கொண்டு, "அக்கா வெளிநாடோ?" என்றார். தங்கச்சி என் சீலையைப் பிடித்து இழுத்து இருத்தினாள். "நீ கத்திப்போட்டுப் பிளேன் ஏறிடுவாய். நாளைக்கும் இஞ்ச வரவேண்டியது நானெல்லே," என்றாள். அங்கே வாய் திறந்தால் வெளிநாட்டுக்காரி, இங்கே வாய் திறக்காததால் பச்சைக்காரி. கத்தவேண்டிய இடத்தில் கத்தாமல், கத்தக்கூடாத இடத்தில் கத்திவிட்டு வந்திருக்கிறேன்.

போன ஞாயிறு புதிய படிவத்தை எடுத்துக்கொண்டு யோகன் அண்ணையின் பிளாட்டுக்குப் போனேன். மூன்று மாடி ஏறி உள்ளே போனதும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சுவரில் பரமேஸ் அக்காவின் படத்துக்குப் பக்கத்தில், சட்டம் போட்டு, செய்திமடலில் வந்த அந்தப் படம்.

"என்னண்ணை இது? இதைப் போய்ச் சட்டம் போட்டு வைச்சிருக்கிறியள்?"

"வடிவாப் பார் பிள்ளை. எனக்குப் பின்னால அவவின்ர படம் மாலையோட தெரியுது. அண்டைக்கு வேற ஆர் படம் எடுத்தது?"

உண்மைதான். எங்களில் ஒருவருக்கும் படம் எடுக்கத் தோன்றவில்லை.

"இதில ஒண்டை அவவின்ர தங்கச்சிக்கும் அனுப்பினனான். எல்லாரையும் கூப்பிட்டுக் குடுத்தாச்சு, கவுன்சில் ஆக்களும் வந்தவை எண்டு எழுதினன். ரோட்டில வைச்சுத்தான் குடுத்தது எண்டு எழுதேல்லை."

"கீழ என்ன போட்டிருந்தவை எண்டு தெரியும்தானே?"

"முப்பது வருசம் காப் ஓடினவனுக்கு அவ்வளவு இங்கிலிசு தெரியாதே?" என்றார். "எழுத்தை உள்ளுக்க மடிச்சுப்போட்டுத்தான் சட்டம் போட்டனான்."

மேசையில் படிவத்தை விரித்து, கேள்வியைத் தமிழில் வாசித்தேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். வழக்கமான பதில் வரும் என்று பேனையை மூடப்போனேன்.

"எழுது," என்றார். "எனக்கு அந்த ஹோல் வேணும் எண்டு எழுது. ஒரு நாளைக்கு எண்டாலும் போதும். நான் இன்னும் அழேல்லை எண்டும் எழுது."

எழுதினேன். கட்டம் போதவில்லை, ஓரத்தில் எழுதினேன், பின்பக்கத்திலும் எழுதினேன். உறையில் போட்டு நாக்கால் நனைத்து ஒட்டும்போது அவர் எட்டிப் பார்த்தார்.

"கடைசியில ப்ளீஸ் எண்டு போட்டனியே பிள்ளை?"

"போட்டிட்டன் அண்ணை."

தபால் பெட்டி மண்டபத்துக்கு முன்னால் இருக்கிறது. கடிதத்தைப் போடுவதற்கு முன்னர், இத்தனை வருடத்தில் முதல்முறையாக, முதலாவது சோடி மஞ்சள் பாதத்தின் மேல் ஏறி நின்றேன். இடது பாதத்தில் பாதி தேய்ந்துபோயிருந்தது. விரல்கள் பூட்டிய கதவைப் பார்க்க, குதிகால் தெருவைப் பார்க்க ஒட்டியிருந்தார்கள். பின்னால் வந்த ஒரு வெள்ளைக்காரர் என்னைச் சுற்றி விலகிப்போனார். உள்ளே கோப்பி இயந்திரத்தின் சிவப்பு விளக்கு எரிந்தது. ப்ளீஸ் போட்டேன் என்று யோகன் அண்ணைக்குச் சொன்னது பொய்.